ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டர்

பழைய ஷிப்ட் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். இப்போது மகனோடு கோவையில் இருக்கிறார். பேச்சு முழங்கால் வலி, பென்ஷன், பேரன் பேத்தி என்று எங்கெங்கோ போய், கடைசியில், "சார், உங்க வராண்டாவுல கார்ப்பெட்டர் கழுவுற கிண்ணம் ஒண்ணு இருக்குமே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. வெள்ளை எனாமல் கிண்ணம், விளிம்பில் நீலக் கோடு. அடியில் இரண்டு இடத்தில் எனாமல் உதிர்ந்து கறுத்துப் போயிருக்கிறது. அந்த வண்டியும் இருக்கிறது. அவர் போனை வைத்த பிறகுதான், கார்புரேட்டர் என்ற அந்தச் சின்ன உலோகப் பெட்டி நம் ஓசூரில் வாழ்ந்து முடிந்த கதையை யாராவது எழுதிவைக்க வேண்டாமா என்று தோன்றியது.

நான் சேலத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தது 1983ல். அப்போது இது தருமபுரி மாவட்டத்தின் ஒரு தாலுகா. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில்தான். 1971ல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட், பின்தங்கிய பகுதி என்று இங்கே நிலத்தை எடுத்துத் தொழிற்பேட்டை போட்டது. பெங்களூரு கூப்பிடு தூரம், தண்ணென்ற காற்று, வறண்ட பூமி. 1980ல் அசோக் லேலண்ட் வந்தது. அதே ஆண்டுதான் சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு டி.வி.எஸ். 50-ஐ ஓசூரிலிருந்து வெளியே விட்டது. பின்னால் டைட்டன் வந்தது. நாங்கள் வெளியூர்க்காரர்கள், மூக்கண்டப்பள்ளிப் பக்கம் லைன் வீடுகளில் குடியிருந்தோம். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எல்லா வாசலிலும் ஒரே வாசனை, பெட்ரோல்.

டி.வி.எஸ். 50-யைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பே, 1972லிருந்து, கைனடிக்கின் லூனா ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி செய்த முதல் இந்திய மொபெட் இதுதான். இரண்டு பேர் என்பது காகிதத்தில். பாகலூர், பேரிகைப் பக்கத்திலிருந்து ரோஜாக் கட்டு, ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளிக் கூடை, தளியிலிருந்து பால்கேன், அதற்கு மேல் ஒரு மாமனார் என்று ஐம்பது சி.சி.யின் முதுகில் நம் ஜனங்கள் ஏற்றிய பாரத்தை வடிவமைத்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1984ல் சுசுகியோடு சேர்ந்து இந்த்-சுசுகி நூறு சி.சி. மோட்டார் சைக்கிளும் இங்கிருந்தே வந்தது. ஜப்பான் கூட்டில் வந்த நூறு சி.சி. வண்டிகளில் அதுதான் முதல். அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் வந்தன. நான் 1988ல் வாங்கியது இந்த்-சுசுகி, இரண்டாம் கை. பெண்டாட்டியின் இரண்டு வளையல் அதில் இருக்கிறது, அது வேறு கதை.

இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் மூச்சுக்குழல் ஒன்றுதான். அதன் தத்துவம் விளங்க வேண்டுமானால் பழைய ஃபிளிட் பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கொசுமருந்து அடிக்கும் தகர பம்ப். காற்று வேகமாக ஒரு குழாய் வாயைக் கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே டப்பியில் உள்ள மருந்து தானாக மேலே ஏறித் தூவலாகப் போகிறது. கார்புரேட்டரில் மருந்துக்குப் பதில் பெட்ரோல், கைக்குப் பதில் எஞ்சினின் உறிஞ்சல். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். ஆரம்பத்தில் அது தெரியாமல்தான் திண்டாடினார்கள். கார்ல் பென்ஸின் முதல் காரில் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றை ஓடவிட்டு, எழும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பினார்கள். 1885ல் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் செய்த, முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் சொல்லும் வண்டியின் காலமும் அதுதான். ஊசித் துளை வழியே பெட்ரோலைத் தூவும் முறையை, மிதவை வைத்து, அதே வில்ஹெல்ம் மைபாக் 1893ல் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் அதையே தனியாகக் கண்டுபிடித்தார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி வாயால் பூக்கள்மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து பாங்கிக்கு அது தோன்றியதாக அந்த ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பூ விளையும் ஓசூர்க்காரனுக்கு அந்தக் கதை பிடிக்கத்தான் செய்யும்.

அங்கிருந்து என் வராண்டா கிண்ணத்துக்கு அது வந்த வழி சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் மூன்று கம்பெனிகள் 1927ல் ஒன்றாகி அமால் என்ற பெயரில் பர்மிங்காமில் கார்புரேட்டர் செய்தார்கள். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் பழைய ஆட்களுக்கு அமால் என்றால் வீட்டுப் பிள்ளை பெயர் மாதிரி. ஜப்பானின் மிகுனி அந்த அமாலிடம் உரிமம் பெற்றுத் தொழில் கற்றது. பிறகு அந்த மிகுனியோடு சேர்ந்து 1980களின் நடுவில் சென்னையில் யூகால் கம்பெனி உருவாகி, மறைமலை நகரில் நம் வண்டிகளுக்குக் கார்புரேட்டர் செய்தது. இந்தப் பக்கம் மைசூரில் ஐடியல் ஜாவாக்காரர்கள் செக்கோஸ்லோவாகியாவின் ஜிகோவ் வைத்திருந்தார்கள். ஜாவா, யெஸ்டி வைத்திருந்த நண்பர்கள் ஜிகோவைத் திட்டியபடியே கழுவுவார்கள். அடுத்தவன் திட்டினால் மட்டும் சண்டைக்கு வருவார்கள்.

ஏன் எங்கள் லைன் வீடுகளில் வாரந்தோறும் இந்தப் பூஜை? ஒரு காரணம் பெட்ரோல். பங்க் இல்லாத ஊர்களில் பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்பார்கள். தூசி, தண்ணீர், சில இடங்களில் மண்ணெண்ணெயும் கலந்திருக்கும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு தூசி போதும், வண்டி சிக்னலில் நின்றதும் அணையும்.

இன்னொரு காரணத்தை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 'குட்டி இங்கிலாந்து' என்று வெள்ளைக்காரன் சொன்னான் என நாம் பெருமை பேசுவதற்கு அந்த உயரம்தான் காரணம். ஆனால் இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டு ஒன்பது சதவீதம் குறைவு. சமவெளியில் ட்யூன் செய்த கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதே அளவுத் துளை வழியே பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்களின் ஸ்பார்க் பிளக் எல்லாம் கரி பிடித்துக் கறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். "ஓசூர் தண்ணி வண்டிக்கு ஒத்துக்கலை" என்று ஒருவர் நிஜமாகவே சொன்னார்.

இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டு ஃபிட்டர். தெலுங்குக்காரர், கெலமங்கலம் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஏ ஷிப்டுக்குக் காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். டிசம்பர் குளிரில் சோக் போட்டு இருபது உதை உதைத்தும் வண்டி கிளம்பாமல், பஸ்ஸும் போய், அரை நாள் சம்பளம் போன அன்று, அவரே வந்து, "ஞாயித்துக்கிழமை ஒரு பழைய வேட்டித்துணியும் ஒரு கிண்ணமும் எடுத்துட்டு வாங்க சார்" என்றார்.

முதலில் டேப்பை மூடி, பெட்ரோல் குழாயைப் பிடுங்க வேண்டும். மேல்மூடியைத் திருகித் திறந்தால் ஸ்பிரிங்கோடு ஸ்லைடும் அதில் தொங்கும் நீடிலும் கேபிளோடு வெளியே வரும். அதை அப்படியே துணியில் சுற்றி ஹாண்டில்பாரில் தொங்கவிட வேண்டும், தரையில் வைக்கக் கூடாது. பிறகு பாடியைக் கழற்றிக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு அடிக்கப்பின் நான்கு திருகுகளை எடுப்போம். கப்பில் எப்போதும் ஏதாவது இருக்கும். தவிட்டு நிறத்தில் மண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் முத்து மாதிரி உருண்டுகொண்டு. மிதவையின் பின்னை உருவி, மிதவையையும் அதன் குட்டி ஊசியையும் எடுத்து, மெயின் ஜெட்டையும் பைலட் ஜெட்டையும் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற வேண்டும். "சரியான அளவு" என்பதை அண்ணா மூன்று தடவை சொல்வார். பித்தளை மென்மையானது; தலை வழுக்கிவிட்டால் அப்புறம் பெங்களூரு ஜே.சி. ரோடுதான் கதி.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். என் வண்டிக்கு ஒன்றரை. எண்ணிக்கையை மறக்காமல் இருக்க வாசல் சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்போம். எங்கள் லைன் சுவரில் வீட்டுக்கு வீடு 1½, 1¾, 2 என்று இருந்ததைப் பார்த்து, ஏதோ கடன் கணக்கு என்று நினைத்தாராம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர்.

ஜெட்டில் கம்பி விடக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோலில் ஊறவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, சைக்கிள் பம்ப்பால் ஊத வேண்டும். சைக்கிள் பம்ப் கிடைக்காவிட்டால் வாயால்.

மாட்டும்போதுதான் நான் மாட்டிக்கொண்டேன். ஸ்லைடின் ஒரு பக்கம் கீழே பிறை மாதிரி வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். முதல்முறை தனியாகச் செய்த அன்று நான் அதைத் திருப்பிப் போட்டு, ஏதோ இறுகுகிறதே என்று அழுத்தி மூடியும் விட்டேன். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. கிளம்பியது என்றா சொன்னேன், அலறியது. ஆக்ஸிலரேட்டரை விட்டும் இறங்கவில்லை. சாவியைத் திருப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நான் நிற்க, அண்ணா ஓடிவந்து அணைத்தார். அதைவிட மோசமான விஷயம், நான் பெட்ரோல் கிண்ணத்தைச் சமையலறை வாசற்படியில் வைத்திருந்தேன். உள்ளே பம்ப் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. "ஏங்க, அந்தக் கிண்ணத்த எங்க வச்சிருக்கீங்க பாருங்க!" என்ற சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. வேறொரு லைனில் ஒரு வீட்டில் அப்படிப் பற்றிக்கொண்டு, ஒருவருக்குக் கை முழுவதும் வெந்து போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். ஆனாலும் செய்தோம்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். ஜெட்டை வாயில் வைத்து ஊதினோம் என்றேனே. டேங்கிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சியும் பெட்ரோல் எடுப்போம். அந்த நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயமில்லாப் பெட்ரோல் 1995ல் நான்கு பெருநகரங்களில் வந்தது. நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரி 1 முதல். அதுவரை உதட்டில் பட்டதைத் துப்பிவிட்டு, அதே கையைப் பேருக்குக் கழுவிக்கொண்டு டிபன் சாப்பிட உட்காருவோம். பக்கத்தில் ஜெட்டைப் பிடித்துக்கொள்ள எட்டு வயது மகன் இருப்பான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது உலகத்துக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் மகன் நன்றாகத்தான் இருக்கிறான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நினைவை இனிக்க இனிக்கச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்கு நாக்கு தடுக்கும்.

புகையும் அப்படித்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், உள்ளே வரும் புது பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி, சில வேளை நாலில் ஒரு பங்குகூட, எரியாமலேயே சைலன்ஸர் வழியே வெளியே போய்விடும். கூடவே எரிந்தும் எரியாத ஆயில். சாயங்கால ஷிப்ட் விடும் நேரத்தில் தர்கா பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு அந்த நீலப்புகை நினைவிருக்கும். நான் எவ்வளவு சுத்தமாகக் கழுவி மாட்டினாலும் அது போகாது. அந்த எஞ்சினின் பிறவிக்குணம். 1991ல் தொடங்கிய புகை விதிகள் 1996லும் 2000லும் இறுகியதும், டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக விலகின. ஓசூர்க்காரர்கள் சுசுகியோடு பிரிந்தது 2001ல்; அதே ஆண்டு சொந்தமாகச் செய்து வெளியிட்ட விக்டர் ஃபோர் ஸ்ட்ரோக்.

கார்புரேட்டர் அதற்குப் பிறகும் இருபது வருஷம் தாக்குப்பிடித்தது. நம் நாட்டில் முதல் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மோட்டார் சைக்கிள் ஹீரோ ஹோண்டா கிளாமர், 2006ல். விலை கூடுதல் என்பதால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. முடிவு கட்டியது பி.எஸ். 6. பி.எஸ். 5-ஐத் தாண்டி நேராக ஆறுக்குப் போவது என்று 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பி.எஸ். 4 வண்டியை விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு நொடியும் காற்றையும் சூட்டையும் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனையும் அளந்து பெட்ரோலை விட வேண்டிய கணக்கு அது. கார்புரேட்டருக்கு அளக்கத் தெரியாது. ஓசூருக்கு ஏறி வந்ததே தெரியாத ஜீவன்.

ஆக, கார்புரேட்டர் வைத்த பி.எஸ். 4 வண்டிகளுக்கு விதித்த கடைசி நாள் 2020 மார்ச் 31. அன்று எப்படி இருந்தது ஊர்? ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம். சிப்காட் கேட்டுகள் மூடியிருந்தன. ஜூஜுவாடி எல்லையில் வண்டிகள் இல்லை. அத்திப்பள்ளிப் பக்கம் நாய்கள் ரோட்டின் நடுவில் படுத்திருந்ததாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் குயில் சத்தம் கேட்டது. நாற்பது வருஷம் இந்த ஊருக்குச் சோறு போட்ட ஒரு சாமான் விடைபெற்றது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன. அந்த ஆண்டே டி.வி.எஸ். 50-யின் வாரிசான எக்ஸ்.எல். 100-உம் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. அடுத்த வருஷம், 2021ல், ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஓசூரிலும், ஓலா நம் மாவட்டத்தில் சந்தைக்குப் பேர்போன போச்சம்பள்ளியிலும் வந்தன. அவற்றில் கழுவ ஒன்றுமே இல்லை.

என் வண்டிக்கு இப்போது புதுத் தலைவலி எத்தனால். 2023லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து கப்பின் அடியில் தங்கும். பழைய ரப்பர் உப்பும். எத்தனாலின் எரிசக்தியும் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். புது வண்டியின் சென்சார் அதைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொள்ளும். என் மிகுனி பாவம், அதே அளவுதான் விடும். மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் வைத்துவிட்டுப் போன தையில் கப்பைத் திறந்தேன். அந்தக் காலத் தவிட்டு மண்டி இல்லை. உப்பு பூத்த சுவர் மாதிரி உலோகத்தில் வெள்ளைப் பொடி.

பாகலூர் ரோட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கடையில் லேப்டாப் மாதிரி ஒரு ஸ்கேனர் இருக்கிறது, இரண்டு பையன்கள் அதில் நம்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தவர், "சார், இத நீங்களே பண்ணிருங்க. எங்கிட்ட இப்ப இதுக்கு ஆள் இல்ல. பசங்களுக்கு இது என்னன்னே தெரியாது. நான் உட்கார்ந்தா அரை நாள் போயிரும், உங்ககிட்ட என்ன காசு கேக்கறது?" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார். அந்தப் பையன்கள் அரை மணியில் கண்டுபிடிக்கும் கோளாறை நாங்கள் அந்த நாளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடியிருப்போம்.

வண்டியை விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறான். பழைய வண்டி சேகரிப்பவர்கள் நல்ல விலை தருகிறார்களாம். இன்னும் முடிவு செய்யவில்லை. கண்ணுக்குப் பைலட் ஜெட் சரியாகத் தெரிவதில்லை. பேத்தி தன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள், துளை திறந்திருக்கிறதா இல்லையா என்று. அவளை ஊத விடவில்லை. அதற்கு சைக்கிள் பம்ப் இருக்கிறது, கிண்ணம் மொட்டை மாடியில் இருக்கிறது.

ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேப்பை மூடிவிட்டு, கப்பின் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இதைச் செய்தால் வெள்ளைப் பொடி வராது. கப்புக்கான காஸ்கெட்டை நான் ஜே.சி. ரோட்டில் தேடியபோது ஒரு கடையில் மூன்று மட்டும் இருந்தன. இரண்டு வாங்கி வந்தேன். ஒன்றை வேறு யாராவது தேடி வரக்கூடும் என்று விட்டுவிட்டேன்.